மாருதி 800: சின்ன காருக்குள்ள இருக்கிற பெரிய கணக்கு

கொஞ்ச நாளா ரீல்ஸைத் திறந்தாலே ஒரு பழைய மாருதி 800 வந்து நிக்குது. வெள்ளையோ சிவப்போ, பளபளன்னு பாலிஷ் போட்டு, பின்னாடி இளையராஜா பாட்டு ஓடும். கீழ "அந்தக் காலம் திரும்ப வருமா"ன்னு ஒரு வரி. லைக் போட்டது யாருன்னு பார்த்தா பெரும்பாலும் நம்ம செட்டுதான். 2003, 2004-ல பிறந்தவங்க. அந்த கார் உச்சத்தில் இருந்தப்போ நாம பிறக்கவே இல்லை, இல்லைன்னா தவழ்ந்துக்கிட்டு இருந்தோம். அப்புறம் எதுக்கு இந்த ஏக்கம்?

இதை வெறும் நாஸ்டால்ஜியான்னு தள்ளிவிட எனக்கு மனசில்லை. ஏன்னா எங்க ஊர் வெம்பக்கோட்டையில் 800 இன்னும் பழைய ஞாபகமா மாறல. சிவகாசிக்கு வேலைக்குப் போறவங்க, சாத்தூருக்கு ஆஸ்பத்திரி போறவங்க, கரிசல் காட்டுக்கு உர மூட்டை ஏத்திட்டுப் போறவங்கன்னு பலர் வீட்டில் அது தினசரி ஓடுற வண்டி. அந்த வண்டிகளுக்கு இப்போ ஒரு சிக்கல் வந்திருக்கு. அதுக்குப் போறதுக்கு முன்னாடி, இவ்வளவு சின்ன கார் எப்படிப் பிறந்தது, உள்ளே என்ன இன்ஜினியரிங் இருக்கு, இப்போ ஏன் அப்படி ஒண்ணைச் செய்ய முடியலன்னு பார்த்துடுவோம்.

பற்றாக்குறையில் பிறந்த குட்டி கார்கள்

உலகத்தில் இருக்கிற குட்டி கார்கள் எல்லாமே ஏதோ ஒரு தட்டுப்பாட்டில் பிறந்ததுதான். இரண்டாம் உலகப்போர் முடிஞ்சப்போ ஐரோப்பாவில் இரும்பும் இல்லை, பெட்ரோலும் இல்லை, மக்கள் கையில் காசும் இல்லை. இத்தாலியில் 1953-ல இசெட்டான்னு ஒரு முட்டை வடிவ கார் வந்தது. அதுக்குக் கதவு முன்பக்கம் இருக்கும், ஃப்ரிட்ஜ் திறக்கிற மாதிரி திறந்து உள்ளே போகணும். அடுத்து 1957-ல ஃபியட் 500. மூணு மீட்டருக்கும் குறைவான நீளம், பின்னாடி 479 சிசி இன்ஜின். டான்டே ஜியகோசா வடிவமைச்சது.

1956-ல சூயஸ் கால்வாய் பிரச்சினை வந்து பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் போட்டாங்க. அதுக்குப் பதிலா வந்ததுதான் 1959-ன் மினி. அதை வடிவமைச்ச அலெக் இசிகோனிஸ் செஞ்ச முக்கியமான காரியம், இன்ஜினைக் குறுக்கே திருப்பி வச்சது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, நம்ம 800 வரைக்கும் வரும்.

ஜப்பானில் அரசாங்கமே குட்டி காருக்கு ஒரு அளவு வகுத்துடுச்சு. அந்த வகைக்குப் பேரு கேய் கார். 1955-ல 360 சிசி, 1976-ல 550 சிசி, 1990-ல 660 சிசின்னு இன்ஜின் வரம்பு ஏறிக்கிட்டே வந்தது. நீள அகலத்துக்கும் வரம்பு உண்டு. அந்தப் பெட்டிக்குள்ள அடங்கினா வரி கம்மி. சுசுகி கம்பெனி வளர்ந்ததே இந்தப் பெட்டிக்குள்ளதான். 1979-ல அவங்க விட்ட ஆல்ட்டோவோட விலை 4 லட்சத்து 70 ஆயிரம் யென். அந்தக் காலத்துக்கே மலிவு. நம்ம 800-க்கு அந்தக் குடும்பம்தான் தாய்வீடு.

மெட்ராஸிலும் ஒரு சின்ன கார் இருந்தது

800-க்கு முன்னாடி இந்தியாவில் சின்ன காரே இல்லைன்னு நினைக்காதீங்க. சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இருந்தது. 1961-லிருந்து அங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு தயாராச்சு. 948 சிசி இன்ஜின், இத்தாலிக்காரர் மிகெலொட்டி வரைஞ்ச உடம்பு. பானெட் தனியாத் திறக்காது, முன்பக்க ஃபெண்டரோட மொத்தமா முன்னாடி சாயும். மெக்கானிக் முன் டயர் மேலயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 1972-ல அதுவே கொஞ்சம் மாறி கெஸல்னு வந்தது. 80-கள் முடியிறப்போ அந்தக் கம்பெனியின் கார் தயாரிப்பும் முடிஞ்சுபோச்சு.

பம்பாயில் ஃபியட் 1100 தயாராச்சு, பின்னாடி அதுக்குப் பிரீமியர் பத்மினின்னு பேர் வந்தது. பெங்களூரில் சிபானி கம்பெனி 1982-ல டால்ஃபின்னு ஒண்ணு விட்டாங்க. ரெண்டு கதவு, ஃபைபர் கிளாஸ் உடம்பு. ஆனா லைசென்ஸ் ராஜ் காலம் அது. எந்தக் கம்பெனி எத்தனை கார் செய்யலாம்னு அரசாங்கம் சொல்லும். புக் பண்ணிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கணும்.

அந்தச் சூழலில் 1981-ல அரசு நிறுவனமா மாருதி உத்யோக் தொடங்கினாங்க. 1982 அக்டோபரில் சுசுகியோட ஒப்பந்தம். 1983 டிசம்பர் 14-ம் தேதி முதல் காரின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். வாங்கினவர் டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங், குலுக்கலில் வந்த அதிர்ஷ்டம். அவர் 2010-ல இறக்கிற வரைக்கும் அந்த காரை விக்கவே இல்லை. பின்னாடி துருப்பிடிச்சு நின்ன அதைக் கம்பெனியே எடுத்துச் சரிபண்ணி, தன் தலைமை அலுவலகத்தில் காட்சிக்கு வச்சுடுச்சு.

முதலில் வந்தது எஸ்எஸ் 80. இன்னிக்கு நாம தெருவில் பார்க்கிற வடிவம் 1986-ல வந்தது. ஜப்பானில் 550 சிசிக்குள்ள அடங்கின அதே உடம்புக்கு இங்கே 796 சிசி இன்ஜின். 2014 ஜனவரி 18-ல உற்பத்தி நின்னப்போ, மொத்த எண்ணிக்கை 25 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

தீப்பெட்டிக்குள்ள நாலு பேர்

நாங்க தீப்பெட்டி ஊர்க்காரங்க. ஒரு சின்னப் பெட்டியில் எத்தனை குச்சி அடுக்கலாம்னு எங்க ஊர்ப் பாட்டிங்களுக்குக் கண்ணளவிலேயே தெரியும். 800-ல நடந்ததும் அந்த மாதிரி ஒரு அடுக்குற வேலைதான். இன்ஜினியரிங்கில் இதுக்கு பேக்கேஜிங்னு பேர்.

வண்டியின் நீளம் 3.335 மீட்டர். அம்பாசிடர், பத்மினி, ஹெரால்டு மூணிலும் இன்ஜின் நீளவாக்கில் இருக்கும். அதுக்குப் பின்னாடி கியர்பாக்ஸ், அங்கிருந்து நடுவில் ஒரு நீளத் தண்டு போய்ப் பின் சக்கரத்தைச் சுத்தும். அந்தத் தண்டுக்காக உள்ளே தரையில் ஒரு மேடு வரும். நடுவில் உட்கார்றவர் காலைத் தூக்கி வச்சுக்கணும். 800-ல இன்ஜின் குறுக்கே இருக்கு, அதன் பக்கத்திலேயே கியர்பாக்ஸ், ரெண்டும் சேர்ந்து முன் சக்கரத்தைச் சுத்துது. பின்னாடிக்குத் தண்டே போகாது. மினி தொடங்கி வச்ச விஷயம், ஃபியட் மெருகேத்தினது, இங்கே நமக்கு வந்து சேர்ந்தது. மிச்சமான இடம் முழுக்க மனுஷங்களுக்கு.

இதுக்கு இன்னொரு பலனும் உண்டு. இன்ஜின் எடை, சுத்துற சக்கரத்து மேலயே அழுத்துது. ஐப்பசி மழையில் கரிசல் மண்ணு எப்படி ஒட்டும்னு எங்க பக்கத்து ஆளுங்களைக் கேளுங்க. அந்தப் பாதையில் லேசான, முன் சக்கரம் இழுக்கிற வண்டிக்கு இருக்கிற பிடிமானம் தனி.

அடுத்து இன்ஜின். மூணு சிலிண்டர். நாலு ஸ்ட்ரோக்குக்கு கிராங்க் 720 டிகிரி சுத்தும், அதை மூணால வகுத்தா 240 டிகிரிக்கு ஒரு தடவை வெடிப்பு. மூணு பிஸ்டனும் 120 டிகிரி இடைவெளியில் இருக்கிறதால மேல கீழ இழுக்கிற விசைகள் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். ஆனா முதல் பிஸ்டனும் மூணாவது பிஸ்டனும் ரெண்டு ஓரத்தில் இருக்கிறதால, சீசா மாதிரி இன்ஜின் முனைக்கு முனை ஆடும். சிக்னலில் நிக்கிறப்போ 800-ன் ஸ்டியரிங்கும் சீட்டும் ஒரு நடுக்கம் நடுங்கும் இல்லையா, அதுக்கு இந்த ஆட்டமும் வெடிப்புக்கு நடுவில் இருக்கிற அந்த நீள இடைவெளியும்தான் காரணம். டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரி பேப்பரில் பாலன்சிங் யூனிட்டைத் திட்டிக்கிட்டே படிச்சவங்க, ஒரு 800-ல ஏறி உட்கார்ந்தா யூனிட் முழுக்க உடம்பில் ஏறிடும்.

இப்போ எடை. சுமார் 650 கிலோ. பவர் சுமார் 37 பிஎச்பி. அதாவது ஒரு டன்னுக்கு 57 பிஎச்பி. அம்பாசிடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் சுமார் 50 பிஎச்பி, வண்டி எடை 1,100 கிலோவுக்கு மேல. கணக்குப் போட்டா டன்னுக்கு 45-ஐத் தொடுறதே கஷ்டம். பாதி சைஸ் இன்ஜின் வச்ச வண்டி அம்பாசிடரை முந்திப் போன ரகசியம் இவ்வளவுதான்.

எடை குறைஞ்சா அதோட நிக்காது. லேசான வண்டிக்குச் சின்ன பிரேக் போதும். 12 இன்ச் டயர் போதும். ஸ்டியரிங்குக்கு மோட்டார் உதவி வேண்டாம். இதெல்லாம் சேர்ந்து எடையை இன்னும் குறைக்கும். ஒரு கிலோ குறைச்சா அது இன்னொரு அரைக் கிலோவைக் கூட்டிட்டுப் போயிடும். 800-ஐ ஓட்டறப்போ கிடைக்கிற அந்தத் துள்ளல், ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் கைக்குத் தெரியிற உணர்வு, எல்லாம் இதிலிருந்து வர்றதுதான். நம்ம ஏக்கத்துக்குப் பாதிக் காரணம் இந்த இயற்பியல்னு நான் சொல்வேன்.

ஏன் இப்போ செய்ய முடியாது?

ஏக்கத்தோட மறுபக்கத்தையும் பேசணும். இதே லேசான எடை, விபத்துன்னு வந்தா எதிரி.

ஒரு கணக்குப் போடுவோம். 650 கிலோ 800-ம் 1,300 கிலோ எஸ்யுவியும் ரெண்டுமே 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி, ஒட்டிக்கிட்டு நகருதுன்னு வச்சுக்கோங்க. உந்த அழிவின்மை விதிப்படி ரெண்டும் சேர்ந்து எஸ்யுவி போன திசையில் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அப்போ எஸ்யுவிக்கு வேக மாற்றம் 33 மட்டும். 800-க்கு 50-லிருந்து எதிர்த்திசையில் 17, மொத்தம் 67. உள்ளே இருக்கிறவங்களுக்கு ரெட்டிப்பு அடி. ஏர்பேக் கிடையாது, முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கிற அளவுக்கு நீளமும் கிடையாது. 2014-ல குளோபல் என்சிஏபி இந்திய கார்களைச் சோதிச்சப்போ 800-ன் தம்பியான ஆல்ட்டோ 800 பூஜ்ஜியம் ஸ்டார்தான் வாங்கிச்சு. அப்போ சோதிச்ச மத்த சின்ன கார்களுக்கும் அதே கதிதான்.

1986-ல எதிரே வந்ததும் பெரும்பாலும் இன்னொரு சின்ன கார். இன்னிக்கு எதிரே வர்றது அப்படி இல்லை. வண்டி மாறல, ரோடு மாறிடுச்சு.

அதனால விதிகளும் மாறுச்சு. 2010 ஏப்ரலில் பிஎஸ் 4 மாசு விதி வந்தப்போ சென்னை உட்பட 13 நகரங்களில் 800 விற்பனையை நிறுத்தினாங்க. 2017 அக்டோபரில் புது மாடல்களுக்கும் 2019 அக்டோபரில் எல்லா மாடல்களுக்கும் மோதல் சோதனை கட்டாயமாச்சு. ஏர்பேக், ஏபிஎஸ், உறுதியான உடம்பு எல்லாம் சேர்த்தா 650 கிலோ தாங்காது. ரெண்டு சிலிண்டர், 3.1 மீட்டர்னு வந்த டாடா நானோவும் 2018-ல முடிஞ்சுபோச்சு.

வரியும் ஒரு காரணம். ஜப்பான் கேய் வரம்பை இறுக்கமா வச்சது. நம்ம ஊரில் 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள்ள, 1,200 சிசி பெட்ரோல் அல்லது 1,500 சிசி டீசலுக்குள்ள இருந்தா சின்ன கார்னு சொல்லி வரியைக் குறைச்சாங்க. 3.3 மீட்டர் காருக்கும் 3.99 மீட்டர் காருக்கும் ஒரே சலுகைன்னா யார் 3.3-ல செய்வாங்க? கம்பெனிகள் எல்லாம் 3.99-க்கு வந்து நின்னுடுச்சு. இன்னிக்கு ரோட்டில் வாலை வெட்டின மாதிரி இருக்கிற காம்பாக்ட் எஸ்யுவிகளை அளந்து பாருங்க, புரியும்.

வீட்டில் நிக்கிற வண்டியை என்ன செய்ய?

இப்போ அந்தச் சிக்கலுக்கு வருவோம். போன லீவில் பக்கத்து வீட்டுப் பெரியப்பா கூப்பிட்டு, "ஏப்பா, நீ மெக்கானிக்கல்தான படிக்க? இந்த வண்டிய வச்சுக்கிடவா, எடைக்குப் போடவா? ஒண்ணு சொல்லு"ன்னு கேட்டார். 1998 மாடல், கார்புரேட்டர் வண்டி. அவர் மகள் கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை போனது அதிலதான். ஒத்தை வார்த்தையில் பதில் சொல்ற கேள்வி இல்லை இது. மூணு விஷயத்தைப் பார்க்கணும்.

முதலில் பேப்பர். தனியார் காரின் பதிவு 15 வருஷம். அதுக்கப்புறம் வண்டியைக் காட்டி 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். முன்னாடி 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ஆச்சு. 2025-ல, 20 வருஷம் தாண்டின கார்களுக்கு 10,000 ஆக்கினாங்க. இதுபோக பசுமை வரி, இன்சூரன்ஸ். வண்டியோட விலையே 40, 50 ஆயிரம்னா இது சின்னத் தொகை இல்லை. ஆனா ஒண்ணு, டெல்லி மாதிரி 15 வருஷமானா ஓட்டவே கூடாதுன்னு இங்கே தடை இல்லை. நல்லா இருக்கிற வண்டி ஓடலாம்.

ரெண்டாவது பெட்ரோல். இப்போ பங்கில் கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பட்டாசு ஊரில் இதை விளக்குறது சுலபம். பட்டாசு மருந்தில் எரிபொருளும் அதை எரிக்கிற ஆக்ஸிஜனைத் தர்ற உப்பும் சேர்ந்தே இருக்கும், அளவு மாறினா காரியம் கெட்டுடும். இன்ஜினுக்கு ஆக்ஸிஜன் வெளிக்காத்தில் இருந்து வருது, ஆனா அளவு விஷயம் அதேதான். சுத்த பெட்ரோல் 1 கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காத்து வேணும். எத்தனாலுக்கு 9 போதும். 20 சதவீதக் கலவைக்குக் கணக்குப் போட்டா 13.5 வரும். புது கார்களில் சென்சார் பார்த்து எரிபொருளைக் கூட்டிக்கும். கார்புரேட்டருக்குக் கண்ணு கிடையாது. 14.7-க்கு வச்ச ஜெட் அப்படியே இருக்கும், கலவை மெலிஞ்சு போகும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஏத்தத்தில் திணறும், இன்ஜின் சூடு ஏறும். எத்தனாலில் ஒரு லிட்டருக்குச் சக்தி பெட்ரோலைவிட மூணில் ஒரு பங்கு குறைவு, அதனால 20 சதவீதக் கலவையில் சுமார் 7 சதவீதச் சக்தி போயிடும். மைலேஜில் அது தெரியும்.

பழைய ரப்பர் ஹோஸ், டயாஃப்ரம் எல்லாம் எத்தனாலில் ஊறி உப்பும், வெடிக்கும். பெட்ரோல் கசிஞ்சா தீ அபாயம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், மாசக்கணக்கில் நிக்கிற வண்டியில் டேங்கின் அடியில் தண்ணி கலந்த படிவு தங்கும். அதனால பழைய 800 வச்சிருக்கிறவங்க மூணு வேலை செய்யணும். எரிபொருள் ஹோஸ் முழுக்க எத்தனால் தாங்குற ரப்பருக்கு மாத்தணும். கார்புரேட்டர் ஜெட்டை விஷயம் தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட சரிபார்க்கணும். வண்டியை நிறுத்தியே வைக்காம வாரம் ஒரு தடவையாவது ஓட்டணும். இதில் முதல் வேலை சில நூறு ரூபாய் சமாச்சாரம், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

மூணாவது, வின்டேஜ் அந்தஸ்து. 2021-ல மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, சேசிஸ், உடம்பு, இன்ஜின் பெருசா மாறாம இருந்தா அது வின்டேஜ். தனி நம்பர், 10 வருஷத்துக்குப் பதிவு. ஆனா தினசரி ஓட்டக் கூடாது, கண்காட்சி, பேரணி மாதிரி விஷயங்களுக்கு மட்டும். ஹெரால்டும் ஆரம்ப கால கெஸலும் இந்தக் கோட்டைத் தாண்டியாச்சு. முதல் 800 தாண்டப் போறது 2033-ல. பெரியப்பா வண்டி 2048-ல!

ஆக, 800 இப்போ ரெண்டும்கெட்டான் வயசில் நிக்குது. வச்சுக்கச் செலவு பிடிக்கிற அளவுக்குப் பழசு, பாதுகாக்கச் சட்டம் வர்ற அளவுக்குப் பழசு இல்லை. ஒரு பொருள் அதிகமா அழியிறது இந்த இடைவெளியில்தான். எங்க ஊரில் 2022-லிருந்து தொல்லியல் துறை தோண்டி எடுத்த சங்கு வளையல் துண்டும் கண்ணாடி மணியும் ஒரு காலத்தில் உடைஞ்சதுன்னு யாரோ வீசினதுதான்.

பெரியப்பாகிட்ட நான் சொன்னது இதுதான்: தரைத் தகடு துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருந்தா யோசிக்காம எடைக்குப் போடுங்க, அதில் ஆள் ஏத்தக் கூடாது. தகடு நல்லா இருந்தா ஹோஸை மாத்திட்டு வச்சுக்கோங்க. ஊருக்குள்ள, பகலில், மெதுவா ஓட்டுங்க. பைபாஸில் குடும்பத்தோட போக வேற வண்டி எடுங்க. "பாதிக்குப் பாதி சொல்லுத"ன்னு சிரிச்சார். ஆனா மறுநாள் வண்டியைத் தூக்கி அடித் தகட்டைப் பார்த்தார்.

நம்ம செட்டுக்கு ஒரு வேலை

25 லட்சம் வண்டி இருந்ததாச்சே, எப்படி அழியும்னு தோணும். ஹெரால்டும் ஒரு காலத்தில் மெட்ராஸ் ரோடு முழுக்க ஓடினதுதான். இப்போ ஒண்ணைப் பார்த்தா நின்னு போட்டோ எடுக்கிறோம்.

எல்லா 800-ஐயும் காப்பாத்தணும்னு நான் சொல்லல. நம்ம காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் இன்னும் அம்பாசிடர் கட் செக்‌ஷன் இன்ஜினை வச்சுத்தான் சொல்லித் தர்றாங்க. பக்கத்தில் ஒரு 800-ம் நிக்கட்டும். குறுக்கு இன்ஜின், மூணு சிலிண்டர் பாலன்சிங், கார்புரேட்டர், எடைக் கணக்கு, விபத்துப் பாதுகாப்புன்னு அஞ்சு பாடத்துக்கு ஒரே வண்டி போதும். எடைக்குப் போற விலைக்கே கிடைக்கும். கார்புரேட்டரை 20 சதவீத எத்தனாலுக்கு ஏத்த மாதிரி ஜெட் மாத்தி, மைலேஜும் புகையும் அளந்து பார்த்தா அது ஒரு முழு ஃபைனல் இயர் புராஜெக்ட். முடிவு நல்லா வந்தா, அதே பெட்ரோலை ஊத்திக்கிட்டு ஓடுற எத்தனையோ பழைய வண்டிக்காரங்களுக்கு உதவும்.

2033-ல முதல் 800-க்கு 50 வயசு ஆகும்போது நம்ம செட்டுக்கு 29, 30 ஆகியிருக்கும். அப்போ ரீல்ஸ் போட யாரும் மிச்சம் இருப்பாங்க. ஸ்டார்ட் ஆகுற வண்டி மிச்சம் இருக்கணும்னா அதுக்கான வேலை அதுக்கு முன்னாடியே நடக்கணும். உங்க வீட்டிலோ மாமா வீட்டிலோ ஒண்ணு நின்னா, இந்த வாரம் பானெட்டைத் திறந்து அந்த ரப்பர் ஹோஸை மட்டும் ஒரு தடவை வளைச்சுப் பாருங்க. வெடிப்பு தெரிஞ்சா மாத்திடுங்க.